ஜெசிந்தாவுக்குத் திறக்காத போர்ட்

நான் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. போன மாதம், என் இடத்தில் இப்போது இருக்கும் பிரியா தொலைபேசியில் கூப்பிட்டாள். நிலையத்தின் பழைய கணினிகளை எடுத்துவிட்டுப் புதியவை வைக்கிறார்களாம்.

"சார், நீங்க எழுதி வச்ச ஒரு ஃபைல் இருக்கு. வேலை செய்யுறது ஒரே ஒரு வரிதான். அதுக்கு மேல இருபது வரிக்கு விளக்கம் எழுதியிருக்கீங்க. சோதிக்காம மாத்தாதேன்னு வேற போட்டிருக்கு. எதுக்கு சார் இவ்வளவு?"

தொலைபேசியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகு, அவள் ஒருத்தி படித்தால் போதாது என்று பட்டது.

எங்கள் நிலையம் மண்டபம் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மாடிக் கட்டடம். கடலுக்குள் இருக்கும் படகுகளுக்குக் காற்று, அலை எச்சரிக்கை அனுப்புவதுதான் அங்கே வேலை. பெரிய விசைப்படகுகளில் வயர்லெஸ் இருக்கும், வாய்விட்டுப் பேசலாம். இரண்டு மூன்று பேர் போகிற வள்ளங்களில் அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி கொடுத்திருந்தோம். நாங்கள் அனுப்பும் செய்தி அதில் எழுத்தாக வரும், கூடவே பெட்டி விடாமல் கத்தும். செய்தியை வெளியே விடும் கருவி எங்கள் மொட்டை மாடியில் இருந்தது. அங்கிருந்து ஒரு கேபிள் கீழே இறங்கி, கட்டைவிரல் அளவு யுஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்றின் வழியாகக் கணினியில் சேரும். அந்தக் கணினி என் பொறுப்பு.

நான் பரமக்குடிக்காரன். அய்யா தறி நெய்தார். நான் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஆறு மாதம் யூனிக்ஸ் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தேன். அந்த ஆறு மாதத்தில் மனதில் தங்கியது ஒரே விஷயம். யூனிக்ஸில் கருவிகளும் கோப்புகள்தான். பிரிண்டர், டிஸ்க், கேபிள் சொருகும் போர்ட் எல்லாமே டைரக்டரி எனும் ஓர் அடைவுக்குள் கோப்பாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதி உண்டு. ரூட் என்ற தலைமைக் கணக்குக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. மற்றவர்கள் எல்லாம் சாதாரணப் பயனர்கள். அனுமதி கொடுத்தால்தான் அவர்கள் கருவியைத் தொட முடியும்.

நான் சேர்ந்தபோது இந்தக் கட்டுப்பாடெல்லாம் காகிதத்தில்தான் இருந்தது. ரூட் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதித் திரைக்குக் கீழேயே ஒட்டியிருந்தார்கள். எல்லா ஆபரேட்டர்களும் ரூட்டாகவே உள்ளே போய் வேலை பார்த்தார்கள். ஒருநாள் ஓர் ஆபரேட்டர், பென்டிரைவில் ஏற்ற வேண்டியதைக் கணினியின் சொந்த டிஸ்க் மேலேயே ஏற்றிவிட்டார். இரண்டும் வெறும் கோப்புப் பெயர்கள்தானே, ஓர் எழுத்துதான் வித்தியாசம். ரூட்டாக இருந்ததால் கணினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல மாதப் பதிவுகள் போயின. அந்த ஆபரேட்டரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்வேர்டை எல்லோர் கண்ணிலும் படும்படி விட்டதற்காக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அன்றைக்கே சீட்டைக் கிழித்தேன். பதினாறு எழுத்தில் புதிய பாஸ்வேர்ட் வைத்தேன், எனக்கு மட்டும். ஆபரேட்டர்களுக்கு 'டூட்டி' என்று ஒரு பொதுக் கணக்கு. செய்தி அனுப்பும் போர்ட் அவர்களுக்கு வேண்டுமே என்று, கணினி தொடங்கும்போது ஓடுகிற பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்: பூஜ்ஜியம் எண்ணுள்ள போர்ட்டை டூட்டி கணக்குக்குக் கொடு. அவ்வளவுதான். அது நன்றாகவே வேலை செய்தது. எங்கள் கணினியில் வெளியாள் விரல் வைக்க முடியாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

சில வருடம் கழித்து ரஹ்மத் மேடம் பொறுப்பதிகாரியாக வந்தார். கீழக்கரைக்காரர், என்னைவிட ஒன்பது வயது இளையவர். முதலில் எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் இரண்டு முறை படிப்பார், இரண்டாவது முறை உதடு அசையும். நாம் நின்றுகொண்டிருந்தால் அவரும் எழுந்து நின்றுகொள்வார். அதனாலேயே அவர் அறையில் யாரும் வெட்டிப் பேச்சுப் பேச முடியாது.

வந்த இரண்டாவது வாரம் என்னைக் கேட்டார். "சார், ஆபரேட்டருங்க அந்த மெஷின்ல என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்ய முடியாது, ரெண்டையும் ஒரு தாள்ல எழுதித் தாங்க."

செய்யக்கூடியது என்ற பக்கத்தில் ஐந்து வரி எழுதினேன். செய்ய முடியாதது என்ற பக்கத்தில் 'மற்ற எல்லாம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"மத்த எல்லாம்னா என்ன சார்? அவங்க தேவைக்கு முடியாமப்போறது ஏதாச்சும் அதுக்குள்ள இருக்கா?"

"இருக்காது மேடம்."

"பாத்துட்டுச் சொல்லுங்களேன்."

அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. புதிதாக வந்தவர், ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார் என்று நினைத்தேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை, என் தங்கை பேத்திக்குப் பரமக்குடியில் காதுகுத்து. முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். ரஹ்மத் மேடம் ராமநாதபுரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நிலையத்தில் டூட்டியில் இருந்தது ஜெசிந்தா.

ஜெசிந்தா பாம்பன்காரப் பெண். கணவர் விசைப்படகில் டிரைவர். வயர்லெஸ்ஸில் அவள் குரல் வந்தால் படகுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பேச்சில் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இருக்காது. கணினி அவளுக்குப் பழக்கமில்லாதது. அதனால் சொல்லிக்கொடுத்ததை அப்படியே, வரிசை மாறாமல் செய்வாள்.

காலை ஒன்பதரை மணிக்கு மேல் மாரியூர், வாலிநோக்கம் பக்கம் திடீர்க் காற்று என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. ஜெசிந்தா செய்தியைத் தட்டச்சு செய்துவிட்டு அனுப்பப் பார்த்தால், கன்வர்ட்டரின் பச்சை விளக்கு எரியவில்லை. லேசாகக் கழன்றிருந்தது. நாங்கள் எல்லோரும் எத்தனையோ தடவை செய்ததுபோல, அதை எடுத்து மறுபடி சொருகினாள். விளக்கு எரிந்தது. ஆனால் செய்தி போகவில்லை.

நடந்தது இதுதான். இந்தத் தடவை, செய்தி அனுப்பும் நிரல் பழைய போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கன்வர்ட்டர் கழன்றுவிட்டது. திரும்பச் சொருகியதும், பூஜ்ஜியம் இன்னும் நிரலின் கையில் இருக்கிறது என்று நினைத்து, கணினி அதற்கு ஒன்று என்ற எண்ணைக் கொடுத்துவிட்டது. நிரலில் போர்ட்டை மாற்றிக்கொள்ள ஒரு பட்டியல் உண்டு. ஜெசிந்தா சமயோசிதமாக அதைத் திறந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் நான் அனுமதி கொடுத்திருந்தது பூஜ்ஜியத்துக்கு மட்டும். ஒன்று எண்ணுள்ள போர்ட் ரூட்டின் சொத்து.

பரமக்குடியில் காதுகுத்து நடந்த மண்டபத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் நான்கு முறை அடித்தது எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது முறைதான் எடுத்தேன்.

"சார், செய்தி போக மாட்டேங்குது சார்."

"என்ன வருது ஜெசிந்தா? இருக்குறத அப்படியே படிங்க."

"பெர்மிஷன் டினைட்னு வருது. சார், இங்கன காத்து திரும்பிருச்சு, சன்னல் அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. மாரியூர் வள்ளமெல்லாம் வெளியதான் நிக்குது."

மண்டபத்தை விட்டு ரோட்டுக்கு ஓடினேன். கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியிருந்தாலே போர்ட் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியிருக்கும். அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், நிறுத்தும் உரிமையும் நான் ஆபரேட்டருக்குக் கொடுக்கவில்லை. ரூட் பாஸ்வேர்டைச் சொல்வது ஒன்றுதான் வழி என்று பட்டது. யாரிடமும் சொல்லாத அந்தப் பதினாறு எழுத்தை, வைகைப் பாலத்துப் பக்கம் பேருந்துகள் ஹாரன் அடிக்க அடிக்க, நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"பெரிய எழுத்து பி. பி ஜெசிந்தா, பரமக்குடிக்கு வர்ற பி."

"டி யா சார்?"

"பி! அடுத்தது சின்ன எழுத்து…"

முதல் முறை தப்பு. இரண்டாவது முறையும் தப்பு. பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் எழுத்து தெரியாது, எங்கே தப்பு என்று அவளுக்கும் தெரியவில்லை. இடையில் வயர்லெஸ்ஸில் யாரோ கூப்பிட, "எண்ணே, மாரியூர்ப் பக்கம் வள்ளம் எதையும் பாத்தா கரைக்குப் போகச் சொல்லுங்கண்ணே, பொட்டி வேல செய்யல" என்று அவள் சொல்வது என் காதில் விழுந்தது. அவள் குரல் நடுங்கியதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். நான்காவது முறை பாஸ்வேர்ட் ஏற்றது. ஒரு வரிக் கட்டளை சொன்னேன். செய்தி போனது.

எச்சரிக்கை வந்ததிலிருந்து செய்தி போகும்வரை நாற்பத்து மூன்று நிமிடம்.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அதில் முனியசாமி, அவர் தம்பி காளிதாஸ் இரண்டு பேர். பிற்பகலில் ஒரு விசைப்படகு, எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்த காளிதாஸை எடுத்தது. முனியசாமியின் உடல் மூன்றாம் நாள் வாலிநோக்கம் பக்கம் ஒதுங்கியது.

ஆஸ்பத்திரியில் காளிதாஸ் சொன்னது எழுதி வாங்கி எங்களுக்கு வந்தது. "பொட்டி கத்துச்சு. அதுக்குள்ள அலை ஏறிருச்சு. அண்ணன் வலைய அறுத்து விட்டுட்டு எஞ்சின எடுத்தாரு. திருப்புறப்பவே கவுந்துருச்சு." முன்பே கத்தியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நானும் எத்தனையோ தடவை தூரத்தையும் நேரத்தையும் போட்டுப் பார்த்துவிட்டேன். சில நாள் முடியும் என்று வரும், சில நாள் முடியாது என்று வரும்.

அறிக்கை எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன்: பணியில் இருந்தவர் கன்வர்ட்டரைக் கழற்றிச் சொருகியதால் போர்ட் எண் மாறி, செய்தி அனுப்பத் தாமதமாயிற்று.

ரஹ்மத் மேடம் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்ல" என்றார். "கொஞ்சம் வாங்க சார்."

ஆபரேட்டர் அறைக்குப் போனோம். ஜெசிந்தா எழுந்து நின்றாள். மேடம் அவளை இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கணினியை எனக்குக் காட்டினார். அதே அமைப்போடு, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாங்கி வைத்த மாற்றுக் கணினி அது. கன்வர்ட்டரைக் கழற்றி அதில் சொருகச் சொன்னார். செய்தி நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை எடுத்து, மறுபடி சொருகச் சொன்னார்.

"இப்ப உக்காருங்க. உங்க பேர்ல உள்ள போகாதீங்க. டூட்டி பேர்ல போங்க. ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்க."

உட்கார்ந்தேன். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது. எனக்கு அந்த அமைப்பில் இருபது வருட அனுபவம். பட்டியலைத் திறந்தேன், வேறு வழி பார்த்தேன், இன்னொரு வழி பார்த்தேன். எல்லா இடத்திலும் நான் போட்ட பூட்டு இருந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் என் கைவிரல்கள் தட்டுவதை நிறுத்திவிட்டன.

"முடியல மேடம்."

"உங்களாலயே முடியலல்ல சார்" என்றார்.

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாற்றி எழுதினேன்: அனுமதியை எண்ணுக்குக் கொடுத்தேன், கருவிக்குக் கொடுக்கவில்லை. எண் மாறக்கூடியது என்பது எனக்குத் தெரியும். ஆபரேட்டரின் கணக்கிலிருந்து நான் ஒருமுறையும் சோதிக்கவில்லை. சோதிக்கும்படி பொறுப்பதிகாரி கேட்டும் தள்ளிப்போட்டேன். பணியில் இருந்தவர்மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு விசாரணை நடந்து, எனக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அதைவிடப் பெரிதாக ஏதாவது செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

பூட்டைச் சரிசெய்யும் வேலையும் என்னிடமே வந்தது. எல்லா போர்ட்டையும் எல்லோருக்கும் திறந்துவிடுகிறேன் என்றேன். பயந்துபோனவன் அப்படித்தான் சொல்வான்.

"எல்லாருக்கும்னா?" என்று மேடம் கேட்டார். "அந்த மெஷின்ல ஓடுற ஒவ்வொரு நிரலும் படகுக்குச் செய்தி விடலாமா? ஒரு தடவ பொய்யா பொட்டி கத்துச்சுன்னா, அடுத்த தடவ எவன் சார் வலைய அறுத்துட்டு வருவான்? தேவைப்பட்டவங்களுக்குத் திறங்க. அவங்களுக்கு எப்பவும் திறங்க."

அந்தக் கன்வர்ட்டருக்குள் தயாரித்தவர் பதித்த தொடர் எண் ஒன்று உண்டு. எந்தத் துளையில் சொருகினாலும், கணினி எந்த எண்ணைக் கொடுத்தாலும், அந்தத் தொடர் எண் மாறாது. அதை வைத்து விதி எழுதினேன். இந்தத் தொடர் எண்ணுள்ள கருவி வந்தால், அதற்கு 'வள்ளம்' என்று நிலையான பெயர் வை; 'கரை' என்ற குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடு; மற்றவர்களுக்கு இல்லை. நிரலையும் இனி அந்தப் பெயரையே தேடும்படி மாற்றினேன். டூட்டி என்ற பொதுக் கணக்கை எடுத்துவிட்டு, ஆபரேட்டர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணக்கு கொடுத்து, அவர்களைக் கரை குழுவில் சேர்த்தேன். கணினியை முறைப்படி நிறுத்தித் தொடங்கும் உரிமையையும் கொடுத்தேன்.

முதல் சோதனைக்கு ஜெசிந்தாவை உட்காரச் சொன்னேன். மறுபடியும் அதே வரி வந்தது: பெர்மிஷன் டினைட். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எனக்கு இந்த வேல வேணாம் சார். கருவாட்டுக் கடைக்குப் போறேன். என்னால முடியல."

"ஜெசிந்தா, தப்பு உங்க மேல இல்ல. குழுவுல சேத்தா, வெளிய போயிட்டுப் புதுசா உள்ள வந்தாத்தான் செல்லும். நான் சொல்லாம விட்டுட்டேன். வெளிய போயிட்டு வாங்க."

அவள் திரும்ப உட்கார்ந்து, கணக்கிலிருந்து வெளியேறி, திரும்ப உள்ளே வந்தாள். செய்தி போனது. மேசையில் வைத்திருந்த பெட்டி கத்தியது. அதை நிறுத்த எங்கள் இருவருக்குமே சட்டென்று கை வரவில்லை.

அன்று கன்வர்ட்டரைப் பத்து முறை கழற்றிச் சொருகினாள். ஒவ்வொரு துளையாக மாற்றினாள். மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மற்ற ஆபரேட்டர்களும் அவரவர் கணக்கில் இதையே செய்தார்கள். பிரியா பார்த்த இருபது வரி விளக்கம் இந்தச் சோதனை முறைதான்.

இவ்வளவும் முடிந்தாலும் மாரியூரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பாம்பன் பொம்பள ஒருத்தி கேபிளைப் பிடுங்கிவிட்டாள், அதனால்தான் முனியசாமி செத்தான் என்று. ஜெசிந்தாவின் கணவரிடமே கடலில் ஒருவர் கேட்டாராம். அறிக்கை ஃபைலுக்குள் இருந்தது. அதை ஊரில் யார் படிக்கப் போகிறார்கள்?

மேடத்திடம் சொல்லிவிட்டு மாரியூருக்குக் கிளம்பினேன். ஜெசிந்தாவும் வந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்னத்தான சார் சொல்லுறாக. நான் வாரேன்."

சாயல்குடியில் பேருந்து மாறிப் போனோம். முனியசாமியின் மனைவி செல்வி வாசலில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். காளிதாஸும் அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேரும் இருந்தார்கள். யார் என்று சொன்னதும் ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன்.

"அன்னைக்கு செய்தி விடுற கருவி நல்லாத்தாம்மா இருந்துச்சு. இவங்க செய்ய வேண்டியத சரியாத்தான் செஞ்சாங்க. கருவியத் தொடுற அனுமதிய நான்தான் இவங்களுக்குச் சரியா குடுத்து வைக்கல. பூட்டு என்னோடது, சாவியும் என்கிட்டதான் இருந்துச்சு. நான் ஊர்ல இல்ல. அதனாலதான் லேட்டாச்சு. இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

காளிதாஸ் எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தேன். செல்வி "ஏலே, காளி" என்றார். அவர் நின்றுவிட்டார்.

செல்வி என்னைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"இப்ப உனக்குத் தொறக்குதா?"

"தொறக்குதுக்கா. கழட்டிக் கழட்டி மாட்டிப் பாத்துட்டேன். தொறக்குது."

"இவரு இல்லாட்டியும்?"

"இவரு இல்லாட்டியும்."

செல்வி வலையிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தார். "காளி நாளைக்குக் கடலுக்குப் போறான். அதுக்கப்புறம் இதான் முத நாளு. அங்கன யாரு இருப்பீக?"

"காலைல ஆறு மணிக்கு நாந்தேன் டூட்டி" என்றாள் ஜெசிந்தா.

செல்வி தலையாட்டினார். கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு உட்கார இடம் விட்டார்.